ஃபேண்டஸி பாஸ்கெட்பால்ல யாரை எடுக்கறது, யாரை விடறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஃபேண்டஸின்னா என்பிஏல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஆடற நிஜ ஆளுங்களை ரவுண்ட் ரவுண்டா பிரிச்சு எடுத்து (அதுதான் டிராஃப்ட்), அவங்க நிஜ மேட்ச்ல எடுக்கற எண்ணை வெச்சு நம்ம டீமுங்க மோதற விளையாட்டு; யாரும் எடுக்காம கிடக்கறவனை நடுவுல எடுக்கலாம், பதிலுக்கு ஒருத்தனை விடணும். என்பிஏ சீசன் அக்டோபர்ல ஆரம்பிச்சா போதும், டிராஃப்ட் முடிஞ்ச ரெண்டாவது நாள்ல இருந்து எனக்கு இதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா நிம்மதின்னு உக்காந்துட்டேன். நான் சொல்றதெல்லாம் 12 டீம் இருக்கற, ஒரு டீமுக்கு 13 பேர் வெச்சுக்கற, ஒன்பது கேட்டகரி ஹெட் டு ஹெட் லீக்குக்கு (வாரா வாரம் ஒரு டீமோட மோதி, ஒவ்வொரு கேட்டகரியிலயும் யார் முன்னன்னு பாக்கறது). அதாவது பாயிண்ட், ரீபவுண்ட் (உள்ள போகாத பந்தைப் பிடிக்கறது), அசிஸ்ட் (கூட ஆடறவன் கூடை போட பந்து கொடுக்கறது), ஸ்டீல் (பந்தைப் பறிக்கறது), பிளாக் (ஷாட்டைத் தடுக்கறது), த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்), ஃபீல்ட் கோல் சதவீதம் (ஆட்டத்துல போட்ட ஷாட்ல எத்தனை உள்ள போச்சு), ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிராளிகிட்ட விடறது, இது மட்டும் கம்மியா இருக்கறவனுக்கு ஜெயம்). உங்க லீக் வேற மாதிரின்னா கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்லிருக்கேன்.

நேத்து ஒருத்தன் 30 பாயிண்ட் அடிச்சான். உடனே எடுத்துடட்டுமா?

பொறுங்க. டோனி டெல்க் 2001 ஜனவரில ஃபீனிக்ஸுக்காக ஒரே கேம்ல 53 அடிச்சாரு. கோரி ப்ரூவர் 2014 ஏப்ரல்ல மின்னசோட்டாவுக்காக 51. மலாக்கை ஃப்ளின் 2024 ஏப்ரல்ல டெட்ராய்ட் பெஞ்ச்ல இருந்து வந்து 50. மூணு பேருக்குமே மொத்த கேரியர் சராசரின்னு பாத்தா 10 பாயிண்டுக்குக் கீழதான். ஐம்பது அடிச்சவனுக்கே இந்த கதின்னா முப்பது அடிச்சவனை என்னன்னு சொல்றது.

பாயிண்ட் கண்ணை மறைக்கும், ஆப்ல முதல் கட்டத்துல அதைத்தான் பெருசா போட்டு வெச்சிருப்பான். நீங்க பாக்க வேண்டியது எத்தனை நிமிஷம் ஆடினான், அந்த நிமிஷம் எதனால கிடைச்சுது, இந்த ரெண்டுதான். மேட்ச் முதல் பாதியிலயே முடிஞ்சு போய் கடைசி குவார்ட்டர் முழுக்க ரெண்டாம் வரிசை ஆடுச்சா? ஸ்டார்ட்டர் (வழக்கமா முதல்ல இறங்கற ஆளு) ஒரு நாள் வயித்து வலின்னு லீவு போட்டாரா? அப்படின்னா நாளைக்கு இந்த ஆளு திரும்ப 14 நிமிஷத்துக்குப் போயிடுவான். ஸ்டார்ட்டருக்கு ஆறு வாரம் கால்ல கட்டுன்னா அது வேற கதை, அப்ப 30 அடிக்காம 11 அடிச்சிருந்தாலும் ஓடிப் போய் எடுங்க.

சரி, நிமிஷம் தவிர வேற என்ன பாக்கணும்?

எத்தனை ஷாட் போட்டான்னு பாருங்க, எத்தனை உள்ள போச்சுன்னு அப்புறம் பாருங்க. ஒருத்தன் 8 த்ரீ போட்டு 6 உள்ள தள்ளினான்னா அந்த ஆறை நம்பாதீங்க, எட்டை நம்புங்க. எட்டு தடவை அவனுக்குப் பந்து வருதுன்னா கோச் அவனை அதுக்குன்னு வெச்சிருக்காருன்னு அர்த்தம், உள்ள போறது ஒரு வாரம் போகும் ஒரு வாரம் போகாது. ஸ்டீலும் பிளாக்கும் அப்படி இல்ல, அது ஆளோட கையிலயும் கால்லயும் இருக்கற விஷயம், கம்மி நிமிஷத்துல கூட தெரிஞ்சுடும்.

ஹஸ்ஸன் வைட்சைடு கதை தெரியுமா? 2010 என்பிஏ டிராஃப்ட்ல சாக்ரமெண்டோ ரெண்டாவது ரவுண்ட்ல எடுத்த ஆளு, அங்க ஒட்டாம லெபனான், சீனான்னு சுத்திட்டு 2014 நவம்பர்ல மயாமிக்கு வந்தாரு. 2015 ஜனவரி 25 அன்னிக்கு சிகாகோகிட்ட பெஞ்ச்ல இருந்து வந்து சுமார் 25 நிமிஷத்துல 14 பாயிண்ட், 13 ரீபவுண்ட், 12 பிளாக். அன்னிக்கு லீக்ல எல்லாரும் அவரைத் தேடினாங்க, ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கிளிப்பர்ஸ்கிட்டயே 23 பாயிண்ட் 16 ரீபவுண்ட் காட்டிட்டாரு, அப்பவே எடுத்தவன் சும்மா எடுத்தான். பன்னெண்டு பிளாக் வந்தப்புறம் முழிச்சவனுக்கு ஒண்ணுமில்ல.

2022-23ல யூட்டாவோட வாக்கர் கெஸ்லரும் இதே டைப்தான். ரூடி கோபேரை மின்னசோட்டாவுக்கு அனுப்பின டிரேட்ல கூட வந்த சின்னப் பையன், சுமார் 23 நிமிஷத்துல 2.3 பிளாக் சராசரி வெச்சான். நிமிஷத்துக்கு இவ்வளவு பிளாக் போடற ஆளு உங்க கண்ணுல பட்டா, நிமிஷம் ஏறற வரைக்கும் பெஞ்ச்ல உக்கார வெச்சுக்கறதுல தப்பே இல்ல.

ஒருத்தன் நெஜமாவே எழுந்துட்டானா, இல்ல நாலு நாள் கூத்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஜெரமி லின்னைத்தான் உதாரணமா சொல்லுவேன். 2011 டிசம்பர்ல கோல்டன் ஸ்டேட் விட்டுச்சு, அதே மாசம் ஹூஸ்டனும் விட்டுச்சு, நியூயார்க்ல பெஞ்ச் ஓரத்துல உக்காந்திருந்த ஆளு. 2012 ஃபிப்ரவரி 4ல நியூஜெர்சிகிட்ட 25 பாயிண்ட் 7 அசிஸ்ட். அதை மட்டும் பாத்தா இன்னொரு டோனி டெல்க்னு நினைக்கத் தோணும். ஆனா டீமைப் பாருங்க: கோச் மைக் டான்டோனியோட ஆட்டமே பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்தற ஆளு) கையில ஓடற ஆட்டம், அந்த நேரத்துல நியூயார்க்கிட்ட உருப்படியா ஆடக்கூடிய பாயிண்ட் கார்டே இல்ல, பேரன் டேவிஸ் காயத்துல இருந்தாரு. நாற்காலி காலியா கிடந்துச்சு, லின் போய் உக்காந்துட்டாரு. ஆறு நாள் கழிச்சு லேக்கர்ஸ்கிட்ட 38 அடிச்சப்ப எந்த லீக்லயும் அவர் மிச்சம் இருந்திருக்க மாட்டாரு.

அதனால ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி நாற்காலியைப் பாருங்க. காலியாத்தான் இருக்கா, யாராவது துண்டு போட்டு வெச்சிருக்காங்களா, அவங்க எப்ப திரும்பி வருவாங்க.

இன்னொண்ணும் இருக்கு, லின் டர்ன்ஓவரை வாரி இறைச்சாரு, மார்ச் கடைசியில முட்டி போய் சீசனும் முடிஞ்சுது. எடுத்தவனுக்குக் கிடைச்சது ஏழு வாரம். ஏழு வாரம் பத்தாதான்னு கேட்டா, ஓசியில வந்ததுக்கு அது ராஜபோகம்.

எடுக்க ஆளு ரெடி. யாரை விடறதுன்னுதான் தெரியல.

இதுதான் உண்மையான கேள்வி, மத்ததெல்லாம் இதுக்கு முன்னுரைதான். பிக்கப்னு (புது ஆளை எடுக்கறது) தனியா ஒண்ணு கிடையாது, அது ஒரு டிரேட், நீங்க விடற ஆளுதான் அதுக்கு விலை. புது ஆளு நல்லவனான்னு மட்டும் கேக்காதீங்க, என்கிட்ட இருக்கற கடைசி ஆளை விட நல்லவனான்னு கேளுங்க.

நான் பண்றது இதுதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி 13 பேரையும் வரிசையா எழுதி, கடைசி மூணு பேரை எடுத்து, இவங்க இப்ப வெளிய யாருமில்லாம கிடந்தா நான் போய் எடுப்பேனான்னு என்னையே கேட்டுக்குவேன். எடுக்க மாட்டேன்னு தோணினா அவரு போகலாம். எந்த ரவுண்ட்ல எடுத்தேன், எவ்வளவு ஆசையா எடுத்தேன்ங்கறது கணக்குலயே வராது. அந்தக் காசு செலவாயிடுச்சு. ஆறாவது ரவுண்ட்ல எடுத்தேன் எப்படி விடறதுன்னு ஜனவரி வரைக்கும் ஒரு ஷூட்டரைக் கட்டிப் புடிச்சிட்டு இருந்து, அந்த இடத்துல நாலு நல்ல ஆளுங்களைக் கோட்டை விட்டவன் நான்தான், வேற யாரும் இல்ல.

அப்ப சொதப்பற ஸ்டாரையும் விட்டுடலாமா?

ஐயோ, வேணாம். மேல சொன்னதெல்லாம் கடைசி மூணு நாலு பேருக்கு. முதல் அஞ்சு ஆறு ரவுண்ட்ல எடுத்தவங்களுக்கு ரெண்டு வாரத்துல தீர்ப்பு எழுதக் கூடாது. டைரிஸ் ஹாலிபர்ட்டன் 2024 அக்டோபர்ல நியூயார்க்ல போய் 8 ஷாட் போட்டு ஒண்ணு கூட உள்ள போகாம பூஜ்யம் பாயிண்ட்ல முடிச்சாரு, நவம்பர் பூரா ஆளாளுக்குப் புலம்பல். சீசன் முடிவுல பாத்தா 18.6 பாயிண்ட், 9.2 அசிஸ்ட். நிமிஷம் குறையல, பந்து அவர் கையிலதான் இருந்துச்சு, ஷாட் மட்டும் போகல. முன்னாடி சொன்ன அதே பாடம்தான் இங்க தலைகீழா வருது.

நிமிஷமே குறைஞ்சா, இல்ல கோச் கடைசி குவார்ட்டர்ல வெளிய உக்கார வெச்சா, அப்ப கவலைப்படலாம். அப்பக்கூட விடாதீங்க, பேர் இருக்கற வரைக்கும் டிரேட் பண்ணுங்க, பேருக்கு மயங்கறவன் ஒருத்தனாவது ஒவ்வொரு லீக்லயும் இருப்பான்.

காயம் பட்டவனை எவ்வளவு நாள் வெச்சிருக்கறது?

ஐஎல் ஸ்லாட் (காயம் பட்டவங்களுக்குன்னு தனியா இருக்கற இடம்) காலியா இருந்தா கேள்வியே இல்ல, அங்க தூக்கிப் போடுங்க, இடம் காசு கேக்கப் போறதில்ல. ஐஎல் நிறைஞ்சப்புறம்தான் தலைவலி.

டீம் விடற அறிக்கையை ஒழுங்கா படிக்கக் கத்துக்கணும். "ரெண்டு வாரத்துல மறுபடி பரிசோதிப்போம்"னா ரெண்டு வாரத்துல வருவான்னு அர்த்தம் இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர் பாப்பாருன்னு மட்டும்தான் அர்த்தம். அதைத் தேதியா எடுத்துக்கிட்டு காத்திருந்தவங்க எத்தனை பேருன்னு கணக்கே இல்ல. என் மனக்கணக்கு, ரெண்டு வாரம்னா நாலு வாரம்.

சில சமயம் யோசிக்கவே வேணாம். 2025 ஃபிப்ரவரி 20ல விக்டர் வெம்பன்யாமாவுக்குத் தோள்ல ரத்த உறைவு, சீசன் அவ்வளவுதான்னு அறிவிச்சாங்க. அன்னிக்கு அவரு சராசரி 3.8 பிளாக்கோட நம்ம ஆட்டத்துலயே முதல் மூணு பேர்ல ஒருத்தர். ஒரு வருஷ லீக்னா அன்னிக்கு ராத்திரியே விட்டிருக்கணும், கை நடுங்கும்தான், ஆனா ஆடாத ஆளு பூஜ்யம், அது வெம்பன்யாமாவா இருந்தாலும் பூஜ்யம்தான். கீப்பர் லீக்னா (ஆளை அடுத்த வருஷத்துக்கும் வெச்சுக்கலாம்) கதையே வேற, அங்க அவரை விட்டவனை ஊரே சிரிக்கும்.

நல்லா ஸ்கோர் பண்றான், ஆனா ஷாட் சதவீதம் மோசம். எடுக்கலாமா?

சதவீதத்தைத் தனியா பாக்காதீங்க, எத்தனை முயற்சின்னு சேத்துப் பாருங்க. உங்க டீம் ஒரு வாரத்துல 400 ஷாட் போட்டு 180 உள்ள போட்டுச்சுன்னு வெச்சுக்கங்க, 45 சதவீதம். புது ஆளு 15 போட்டு 5 போட்டான், கேக்கவே கேவலமா இருக்கு, ஆனா மொத்தம் 415க்கு 185, அதாவது 44.6. உலகம் ஒண்ணும் முடிஞ்சு போகல.

ஃப்ரீ த்ரோல அப்படி இல்ல, அங்க மொத்த முயற்சியே கம்மி. 100க்கு 80 போட்டுட்டு இருக்கற டீம்ல ஒரு பெரிய சென்டர் வந்து 10க்கு 3 போட்டா 110க்கு 83. எண்பதுல இருந்து 75.5க்கு விழுந்துட்டீங்க. ஒரே ஒரு ஆளால அந்த வாரம் அந்தக் கேட்டகரி போச்சு.

அப்ப அந்த மாதிரி சென்டரை யாருமே எடுக்கக் கூடாதா?

ஃப்ரீ த்ரோவை ஏற்கனவே கைகழுவின டீம் தாராளமா எடுக்கலாம், பன்ட்னு சொல்றது அதைத்தான். ஃப்ரீ த்ரோல சொதப்பற பெரிய ஸ்டார் யானிஸ் உங்ககிட்ட இருக்காருன்னா ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் போனதுதான், அப்புறம் இன்னொரு சென்டர் 55 சதவீதம் போட்டா என்ன 65 போட்டா என்ன, அவரோட ரீபவுண்டும் பிளாக்கும் உங்களுக்குச் சும்மா வருது. இதனாலதான் "இந்த ஆளு எடுக்கலாமா"ன்னு டீமைக் காட்டாம கேக்கறவங்களுக்கு நான் பதிலே சொல்றதில்ல. ஒருத்தருக்குக் குப்பை, இன்னொருத்தருக்குப் பொக்கிஷம்.

டைசன் டேனியல்ஸ் 2024-25ல அட்லாண்டாவுக்கு வந்து கேமுக்கு 3 ஸ்டீல் போட்டு லீக்லயே முதல் ஆளா வந்தாரு. பாயிண்ட் மட்டும் பாத்து ஆளெடுக்கறவங்களுக்கு அவரு சுமாரான ஆளு. ஆனா ஒரு வாரம் முழுக்க மொத்த டீமே 30, 35 ஸ்டீல்தான் எடுக்கும், அதுல 10, 12ஐ ஒரே ஆளு கொண்டாந்தா அந்தக் கேட்டகரி கிட்டத்தட்ட உங்க பாக்கெட்ல.

ஸ்ட்ரீமிங்னா என்ன, தினம் தினம் ஆளை மாத்தறதா?

கிட்டத்தட்ட. கடைசி ஒண்ணு ரெண்டு இடத்தை நிரந்தரமா யாருக்கும் கொடுக்காம, அன்னன்னிக்கு கேம் இருக்கறவனை எடுத்து ஆட வெச்சுட்டு விடறது. வாரத்துல நாலு கேம் ஆடற 9 பாயிண்ட் ஆளு 36 கொடுப்பான், ரெண்டு கேம் ஆடற 12 பாயிண்ட் ஆளு 24தான் கொடுப்பான். கணக்கு அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. பத்துப் பன்னெண்டு மேட்ச் நடக்கற நாள்ல உங்க சொந்த ஆளுங்களே ஆடற இடத்தை நிரப்பிடுவாங்க, அன்னிக்கு எடுத்த ஆளு பெஞ்ச்லதான் உக்காருவான். நாலே மேட்ச் நடக்கற நாள்லதான் இடம் காலியா இருக்கும். அதனால நாலு கேம்னு எண்ணறதை விட்டுட்டு, அதுல எத்தனை கேம்ல அவனை உண்மையிலயே உள்ள இறக்க முடியும்னு எண்ணுங்க. கூட்டமில்லாத நாள்ல மூணு கேம் ஆடறவன், கூட்ட நாள்ல நாலு கேம் ஆடறவனை விட மேல்.

வாரத்துக்கு இத்தனைதான் மாத்தலாம்னு லீக்ல வரம்பு இருக்கும், திங்கக்கிழமையே எல்லாத்தையும் செலவு பண்ணிடாதீங்க. ஒண்ணாவது ஞாயித்துக்கிழமைக்கு மிச்சம் வைங்க, அன்னிக்குதான் எந்தக் கேட்டகரி நூலிழைல நிக்குதுன்னு தெரியும். பிளாக்ல ஒண்ணு பின்னாடி இருக்கீங்கன்னா பிளாக் போடறவனை எடுங்க. டர்ன்ஓவர்ல ஒண்ணு முன்னாடி இருந்து மத்ததெல்லாம் முடிவாயிடுச்சுன்னா யாரையும் எடுக்காம கையக் கட்டிட்டு உக்காருங்க.

இந்தியாலயோ இலங்கைலயோ இருந்து ஆடறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்கக் கிழக்குக் கரைல சாயந்திரம் 7 மணின்னா குளிர்காலத்துல நமக்கு விடிகாலை 5.30. தூங்கறதுக்கு முன்னாடி எல்லாம் முடிச்சுட்டோம்னு படுத்தா, கடைசி நேரத்துல ஆளு ஆடலன்னு செய்தி வரும். முந்தின நாளே டீமுங்க காயப் பட்டியல் கொடுக்கணும்னு விதி இருக்கறதால ராத்திரி ஒரு தடவை அதைப் பாத்துட்டுப் படுங்க, ஐந்து மணிக்கு அலாரம் வைக்கறது உங்க வீட்ல எவ்வளவு தாங்குவாங்கங்கறதைப் பொறுத்தது.

ஸ்டார் வெளிய போனா அவரோட பேக்கப்பை முன்கூட்டியே வெச்சுக்கலாமா?

பேக்கப்புக்கு அந்த வேலை தெரிஞ்சிருந்தா மட்டும். 2021-22ல ஜா மொராண்ட் 25 கேம் ஆடல, அந்த 25ல மெம்ஃபிஸ் 20 ஜெயிச்சுது, பந்தைப் பாத்துக்கிட்டது பெரும்பாலும் டைஸ் ஜோன்ஸ். அசிஸ்ட் கொடுப்பாரு, டர்ன்ஓவர் கிட்டத்தட்ட கிடையாது. அந்த மாதிரி ஆளு கிடைக்கறது அபூர்வம். நிறைய டீம்ல ஸ்டார் போனா அவரு வேலையை மூணு பேர் பங்கு போட்டுக்குவாங்க, யாரை எடுத்தாலும் ஏமாற்றம்தான்.

டிரேட் டெட்லைன் அன்னிக்கு என்ன பண்ணணும்?

என்பிஏ டீமுங்க ஆளை மாத்திக்க அதுதான் கடைசி நாள், ஃபிப்ரவரி முதல் வாரம் போனைக் கீழ வைக்காதீங்க. பெரிய பேர் எங்க போச்சுன்னு எல்லாரும் பேசிட்டு இருக்கும்போது நீங்க ரெண்டு டீம்லயும் எந்த இடம் காலியாச்சுன்னு பாருங்க. 2025ல லூக்கா டான்சிச் லேக்கர்ஸுக்கும் ஆன்டனி டேவிஸ் டல்லாஸுக்கும் போனப்ப ஊரே அலறுச்சு. நமக்கு வேண்டியது, டேவிஸ் போனதால லேக்கர்ஸ்ல சென்டரே இல்ல, ஜாக்சன் ஹேஸுக்கு நிமிஷம் ஏறும். கூடவே டல்லாஸுக்குப் போன மேக்ஸ் கிறிஸ்டிக்கும் அங்க நிமிஷம் ஏறுச்சு.

கூத்து அதுக்கப்புறம். நாலு நாள்ல லேக்கர்ஸ் ஷார்லட்ல இருந்து மார்க் வில்லியம்ஸை வாங்கினாங்க, உடனே எல்லாரும் ஹேஸை விட்டாங்க, ஷார்லட்ல வில்லியம்ஸ் இடத்துக்கு வர்ற ஆளை அள்ளினாங்க. ரெண்டு நாள் கழிச்சு உடல் பரிசோதனைல சரியில்லன்னு டிரேடே ரத்து. வில்லியம்ஸ் ஷார்லட்டுக்கே திரும்ப, ஹேஸ் திரும்ப ஸ்டார்ட்டர். அதனால எடுக்கறதை வேகமா பண்ணுங்க, விடறதுக்கு முடிஞ்சா ஒரு நாள் எடுத்துக்கங்க.

வேவர்ல முதல் இடத்துல இருக்கேன், பயன்படுத்தலாமா? ஏலப் பணம்னா எவ்வளவு போடறது?

வேவர் வரிசைன்னா (வெளிய விட்ட ஆளை யார் முதல்ல எடுக்கலாம்ங்கற வரிசை), சீசன் முழுக்க வெச்சுக்கக்கூடிய ஆளுக்கு மட்டும். ஸ்ட்ரீமிங்குக்கு அதைச் செலவு பண்றது பட்டுப் புடவையைக் கைப்பிடித் துணியாக்கற மாதிரி. வரிசைக்குப் பதிலா ஏலம் கேட்டு ஆளை எடுக்கற, சீசனுக்கு நூறு டாலர் ஏலப் பணம் இருக்கற லீக்னா நான் முதல் ரெண்டு மாசத்துலயே பெரும்பகுதியை இறக்கிடுவேன், நவம்பர்ல எடுத்த ஆளு அஞ்சு மாசம் ஆடுவான், மார்ச்ல எடுத்தவன் மூணு வாரம்தான் ஆடுவான். பணத்தைச் சேத்து வெச்சு சீசன் முடிஞ்சா வட்டியா தரப் போறாங்க?

மார்ச்ல ஏன் எல்லாம் தலைகீழா போகுது?

நம்ம ஃபேண்டஸி பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுங்க) நடக்கற நேரத்துலதான் தோத்துப் போன டீமுங்க இன்னும் தோக்கப் பாக்கும். 2025ல கடைசி மூணு இடத்துல இருந்த டீமுங்களுக்கு, புது ஆளுங்களை எடுக்கற என்பிஏ டிராஃப்ட் லாட்டரில முதல் பிக் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு இருந்துச்சு, அதனால நல்லா ஆடற மூத்த ஆளுங்களுக்கு திடீர்னு இடுப்பு வலி வரும். 2025 மார்ச்ல லவுரி மார்க்கனனை ஆட வைக்கலன்னு யூட்டாவுக்கு என்பிஏ 1,00,000 டாலர் அபராதமே போட்டுச்சு. அபராதம் போட்டா என்ன, அவரை நம்பி பிளேஆஃப்ல இறங்கினவன் போனது போனதுதான்.

ஃபிப்ரவரி கடைசியிலயே டேபிளைப் பாருங்க. அடியில இருக்கற டீம்ல 28 வயசுக்கு மேல இருக்கற நல்ல ஆளு உங்ககிட்ட இருந்தா உங்க ஃபேண்டஸி லீக்கோட டிரேட் டெட்லைனுக்கு முன்னாடி தள்ளி விடுங்க, அதே டீம்ல ரெண்டாவது ரவுண்ட்ல வந்த 20 வயசுப் பையன் யாருன்னு பாத்து வைங்க, மார்ச்ல அவனுக்கு 34 நிமிஷம் கிடைக்கும். மேல இருக்கற டீமும் சும்மா இல்ல, இடம் உறுதியானா கடைசி வாரம் ஸ்டாருங்களுக்கு ஓய்வு கொடுத்துடும்.

பாயிண்ட்ஸ் லீக், ரோட்டோ லீக்குக்கு இதெல்லாம் பொருந்துமா?

பாயிண்ட்ஸ் லீக்ல (எல்லாத்தையும் ஒரே பாயிண்ட் கணக்கா கூட்டறது) சதவீதம், பன்ட் கதையெல்லாம் மறந்துடுங்க, நிமிஷமும் கேம் எண்ணிக்கையும்தான் ராஜா. ரோட்டோல (சீசன் மொத்தக் கணக்குல ஒவ்வொரு கேட்டகரியிலயும் டீமுங்களை வரிசைப்படுத்தறது) வழக்கமா ஒவ்வொரு பொசிஷனுக்கும் 82 கேம்னு வரம்பு இருக்கும், அங்க சுமாரான ஆளை அள்ளிப் போட்டா வரம்புதான் வீணாகும், கேமுக்கு எவ்வளவு தர்றான்னு பாருங்க.

நான் விட்ட ஆளு மறுநாளே 28 அடிச்சுட்டான். திரும்ப எடுக்கட்டுமா?

முதல் கேள்விக்குப் போங்க. நிமிஷம் என்ன, நாற்காலி காலியா? காலின்னா வெக்கப்படாம திரும்ப எடுங்க, ஒரே ஆளை ஒரு சீசன்ல மூணு தடவை எடுத்து மூணு தடவை விட்டிருக்கேன். அதுக்குள்ள லீக்ல வேற ஒருத்தன் எடுத்துட்டான்னா அவன்கிட்ட போய் டிரேட் கேக்காதீங்க, நேத்து ஓசில இருந்தவனுக்கு இன்னிக்கு உங்க நாலாவது ரவுண்ட் ஆளைக் கேப்பான்.